டிராகன் போதும், இஸ்திரிப் பெட்டி செய்யுங்கள்

(பெங்களூருவில் 14 வருடமாக வீடியோ கேம்களுக்குப் பொருள்களும் இடங்களும் செய்துகொடுப்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கேம் ஆர்ட்டிஸ்ட் ஆக ஆசை. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் டிராகன், வாள், ரோபோ என்று 30 மாடல் செய்து வைத்திருக்கிறேன். ஏழெட்டு கம்பெனிகளுக்கு அனுப்பியும் பதிலே இல்லை. இரண்டரை லட்சத்துக்கு ஒரு கோர்ஸ் இருக்கிறது. சேரட்டுமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த 30-ல் 27-ஐத் தூக்கிவிடுங்கள். அதற்குச் செலவில்லை.

நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். என் முதல் போர்ட்ஃபோலியோவில் 22 படம். வாள் மட்டுமே ஆறு. நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த லீட் (குழுத் தலைவர்), மவுஸை விறுவிறுவென்று உருட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணாச்சியின் கரி இஸ்திரிப் பெட்டி. எண்ணிக்கைக்காக மனசில்லாமல் சேர்த்தது. "கைப்பிடியில் இந்தப் பக்கம் மட்டும் ஏன் பளபளக்குது?" என்று கேட்டார். "பெருவிரல் அழுந்துற இடம் சார். அவர் இடக்கைக்காரர்" என்றேன். அதற்கப்புறம் வாளைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

நம் நாட்டில் இந்த வேலையில் பெரும்பகுதி வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்குச் செய்துகொடுப்பது. 1997-ல் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் அப்படி வளர்ந்ததுதான். 2019-ல் ஜிடிஏ கேம் செய்யும் ராக்ஸ்டாரே அதை வாங்கிக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து செய்யச் சொல்லி வரும் பட்டியலில் டிராகன் எப்போதாவது இருக்கும். கதவு, பீப்பாய், மின்கம்பம், குப்பைத்தொட்டி எப்போதும் இருக்கும். ஆள் எடுப்பவர் உங்கள் போர்ட்ஃபோலியோவில் தேடுவது ஒரு நல்ல குப்பைத்தொட்டியை.

அதையும் வெளிச்சம் போட்டு ரெண்டர் செய்த அழகான படமாக மட்டும் போட்டால் நம்பமாட்டார். வயர்ஃபிரேமை, அதாவது மாடலைக் கட்டியிருக்கும் முக்கோண வலையைக் காட்டு என்பார். கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லி செகண்ட். திரையில் தெரிகிற அத்தனையையும் அதற்குள் வரைந்தாக வேண்டும். அதனால்தான் லட்சக்கணக்கான முக்கோணங்களில் செதுக்கிய மாடலின் (ஹை பாலி) மேடுபள்ளத்தை நார்மல் மேப் என்ற படமாகப் பதித்து, சில ஆயிரம் முக்கோணமே உள்ள எளிய மாடலின் (லோ பாலி) மேல் போர்த்துகிறோம். மாடலின் மேல் ஒட்டும் நிறமும் கறையுமான படத்திலும், அதாவது டெக்ஸ்ச்சரிலும், கணக்கு உண்டு. சுவருக்கு மீட்டருக்கு 512 பிக்ஸல் கொடுத்தால் பக்கத்தில் நிற்கும் பீப்பாய்க்கும் அதே 512. இல்லாவிட்டால் ஒன்று துல்லியமாகவும் ஒன்று மங்கலாகவும் கண்ணை உறுத்தும். (அன்ரியல் 5 என்ற கேம் இன்ஜினில், லட்சக்கணக்கான முக்கோணங்களை அப்படியே சமாளிக்கும் நானைட் வந்தபிறகு லோ பாலியே வேண்டாம் என்று யூடியூபில் சொல்வார்கள். விலை குறைந்த போனில் ஓடும் கேமுக்கு ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.)

உங்கள் ஊர் டீக்கடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், டீ குடித்துக்கொண்டேதான். பாய்லர் குழாயின் அடியில் பித்தளை எப்படிக் கறுத்திருக்கிறது, பெஞ்சில் எந்த முனை தேய்ந்திருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு சுவரில் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. அந்த ஒரே கடையை முழுசாகச் செய்து அன்ரியலுக்குள் வைத்து, வெளிச்சம் போட்டு, வயர்ஃபிரேமையும் டெக்ஸ்ச்சர்களையும் பக்கத்திலேயே, ஆர்ட்டிஸ்டுகள் தங்கள் வேலையைக் காட்டும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் போடுங்கள். மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை.

பிளெண்டர் இலவசம். அன்ரியலைக் கற்றுக்கொள்ளவும் காசு வேண்டாம். அதற்குப் பிறகும் கோர்ஸ் தேவை என்று தோன்றினால், போன வருடம் படித்து முடித்தவர்களின் ஆர்ட்ஸ்டேஷன் பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்தாவது படிக்கும் மகன் எந்நேரமும் கேம் விளையாடுகிறான். திட்டினால், "கேம் ஆர்ட்டிஸ்ட் ஆகப்போறேன்" என்கிறான். நம்பலாமா?
- ஓர் அம்மா, கும்பகோணம்

சோதித்துப் பார்க்கலாம் அம்மா. போனை வாங்கி வைத்துவிட்டு, அவன் விளையாடும் கேமில் ஏதாவது ஓர் அறையை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். படம் கோணல்மாணலாக இருக்கட்டும். ஜன்னல் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று அவனுக்குத் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தெரிந்தால், அவன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தெரியாவிட்டால் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் 2023-ல் 'வெண்பா' என்று ஒரு கேம் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் களம்; முதல் புதிரே இட்லி அவிப்பது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. ஒருநாள் சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து விளையாடுங்கள். அவனைவிட நீங்கள் வேகமாக முடிப்பீர்கள்.

ஏஐ வந்தபிறகு இந்த வேலை இருக்குமா?
- திருப்பூர் வாசகர்

எல்லாம் நல்லபடி நடக்கும் என்று சொல்ல மனசு வரவில்லை. கேமின் தோற்றத்தை முதலில் வரைந்துகாட்டும் கான்செப்ட் படம் வரையும் என் நண்பர்கள் சிலருக்கு வேலை குறைந்துவிட்டது. 2023, 2024-ல் உலகம் முழுக்கப் பெரிய ஸ்டுடியோக்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வேலையை விட்டு அனுப்பின. அந்தப் பழியை ஏஐ மேல் மட்டும் போட முடியாது; கொரோனா காலத்து விற்பனையை நம்பி அளவுக்கு மீறி ஆள் எடுத்தார்கள். ஆறு மாதம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்க வீட்டில் வழி இருந்தால் வாருங்கள்.

'ஆர்ட் டெஸ்ட்' என்று ஒரு வாரம் வேலை கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாதாம். ஏமாற்று வேலையா?
- ஒரு வாசகி, ஓசூர்

டெஸ்ட் கொடுப்பது வழக்கம்தான். ஒரு பொருள், ஒரு வாரம் என்றால் செய்யுங்கள். பத்துப் பொருள் கேட்டால் அது டெஸ்ட் இல்லை, ஓசி வேலை. மறுத்துவிடுங்கள்.

முடித்ததும் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என் டெஸ்டில் இருந்தது ஒரு மரப்பெட்டி. மூன்று ராத்திரி கண் முழித்துச் செய்துவிட்டு ஒரே நாளில் முடித்தேன் என்று அளந்துவிட்டேன். வேலையில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை காலையில் லீட் ஐந்து பெட்டிகளின் படத்தைக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.