சைக்கிள் போட்டியில் பெண்களுக்கு மட்டும் தூரம் ஏன் குறைவு? கியர் சைக்கிள் இல்லாத மகளைச் சேர்க்கலாமா?

மகள் பதினொன்றாம் வகுப்பு என்கிறீர்கள். அரசுப் பள்ளி என்றால் இலவச சைக்கிள் வீட்டில் நிற்கும். அது போதும். அண்ணா பிறந்தநாளையொட்டி அரசு மாவட்டந்தோறும் நடத்தும் போட்டியில் கியர் சைக்கிளே கூடாது, சாதாரண சைக்கிள்தான். முன்கூடையையும் கேரியரையும் கழற்றிவிட்டு, டயரில் கல் மாதிரி காற்றடித்து அனுப்புங்கள். 17 வயதுக்கு உட்பட்ட பிரிவில் பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 15. முதல் பரிசு இருவருக்குமே 5,000 ரூபாய்தான்.

தூரம் ஏன் குறைவு என்றால், பழைய வழக்கம், வேறென்ன. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1896லேயே சாலைப் போட்டி வந்துவிட்டது, பெண்களுக்கு 1984இல்தான். ஆனால் ப்ரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கெடு. பெண்கள் முடிக்கத்தான் செய்கிறார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் தூரம் அல்ல. திருநெல்வேலியில் ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) ஆடி மாதத்தில் ஒரு போட்டி வைத்தது. நாகர்கோவில் சாலையில் ஆண்கள் நாங்குநேரி வரை போய்த் திரும்ப வேண்டும், பெண்கள் நாங்கள் அதற்கு முன்னாலேயே, மூன்றடைப்போடு திரும்ப வேண்டும். ஆண்களை விடியும்போதே விட்டுவிட்டார்கள். எங்களுக்குச் சிறப்பு விருந்தினர் கொடியசைக்க வேண்டுமாம், வெயில் ஏறும் வரை நிறுத்தி வைத்தார்கள். ஆடிக் காற்றைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருவது, பொழுது ஏற ஏறத்தான் வேகம் எடுக்கும். ஆண்கள் கூட்டமாகப் போவதால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக் காற்றுக்கு ஒண்டிக்கொள்ளலாம். நாங்கள் நாலே பேர், கொஞ்ச தூரத்திலேயே சிதறிவிட்டோம். காற்று முழுக்க நெஞ்சில்தான்.

திரும்பி வந்தால், முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த ஆர்ச் பாதி சுருங்கித் தரையில் கிடக்கிறது. ஒரு பையன் அதன் மேல் ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருக்கிறான். என் ஹேண்டில்பாரில் நம்பர் அட்டை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, "யக்கா, போட்டி முடிஞ்சிட்டு, ஓரமா போங்க" என்கிறான். நேரம் குறிக்க வேண்டியவர் பந்தலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டாம் இடம் என்றார்கள். நேரம் எவ்வளவு என்று கேட்டேன். "அதான் பிரைஸ் உண்டுல்லா மேடம்." ஆண்களுக்குக் கவரில் பணம், எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ்.

நாலு பேருக்காக ரோட்டை எவ்வளவு நேரம் மறிப்பது என்று இப்போது சிலர் வருவீர்கள். யாரும் மறிக்கவே இல்லை ஐயா, லாரிகளுக்கு நடுவில்தான் ஓட்டினோம். ஆண்களோடு போட்டியிட்டுப் பரிசு கேட்கவும் இல்லை. எல்லோரையும் ஒரே நேரத்தில் விடுங்கள், பரிசைத் தனித்தனியாகக் கொடுங்கள், கடைசி ஆள் வரும் வரை கடிகாரத்தோடு ஒருவரை உட்கார வையுங்கள். இதற்கு ஒரு நாற்காலி போதும். கடைசியாக வந்தால் பையனுக்கும் இதே கதிதான் என்பீர்கள். சரி, அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

லாரி என்றதும் ஞாபகம் வருகிறது. தென்காசி சாலையில் பழகலாம் என்று போனால், கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள். தார்ப்பாய் போடுவது கிடையாது, பின்னால் போகிறவர் கண்ணெல்லாம் ஜல்லித்தூள். கேட்டால், ரோட்டில் உங்களை யார் சைக்கிள் ஓட்டச் சொன்னது என்கிறார்கள். இதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், நிறைய இருக்கிறது சொல்ல.

உங்கள் மகளுக்குப் பள்ளியில் வயதுச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் கடைசியிலேயே பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் விசாரியுங்கள். தனியார் போட்டி என்றால், பெண்களை எத்தனை மணிக்கு விடுவீர்கள், கடைசி ஆள் வரை நேரம் குறிப்பீர்களா என்று முதலில் கேளுங்கள். நெளிந்தார்கள் என்றால் பணம் கட்டாதீர்கள்.