மட்டக்களப்பு வாவியில் முத்து விளையுமா? முத்து பற்றிய கேள்வி பதில்

முத்துச் சிப்பி வளர்த்து, அதே முத்தில் நகையும் செய்யும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். நாலு வருடம் சிப்பிக்குள் கரு (முத்து வளரத் தொடக்கி வைக்கும் மணி) வைக்கும் அறையில், மிச்சக் காலம் தரம் பிரிக்கும் மேசையில். நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பண்ணை முத்து என்றால் போலி முத்துதானே? (களுவாஞ்சிக்குடி)

இல்லை தங்கச்சி. போலி என்பது கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணியில் பளபளப்பு மை பூசியது. பண்ணை முத்தை உயிருள்ள சிப்பிதான் செய்கிறது. மனிதன் தொடக்கி விடுகிறான், அவ்வளவுதான். ஜப்பானில் மிக்கிமோட்டோ என்ற முத்து வளர்ப்பாளர் 1893இல் இப்படி வளர்த்து அரைக்கோள வடிவ முத்து எடுத்துக் காட்டினார். இன்று கடையில் காணும் உண்மையான முத்தெல்லாம் ஏறக்குறைய பண்ணையில் விளைந்ததே. போலியைக் கண்டுபிடிக்க, முன்பல்லில் மெல்ல உரசிப் பாருங்கள்: முத்து நறநறக்கும், கண்ணாடி வழுக்கும்.

சிப்பிக்குள் கரு வைப்பது எப்படி? (காத்தான்குடி, நகைக்கடைக்காரர்)

சிப்பி தானாக வாய் திறக்கும் நேரம் பார்த்து ஆப்பு வைப்போம். திறப்பு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், அதற்கு மேல் விரித்தால் தசை கிழிந்துவிடும். சிப்பியின் கால் எனும் சதையின் அடியில் கத்தியால் ஒரு கீறல். அதன் வழியே உருண்டையான ஒரு மணி உள்ளே போகும். அமெரிக்க ஆற்று மட்டியின் ஓட்டைக் கடைந்து எடுத்த மணி அது. கூடவே, இன்னொரு சிப்பியின் மேலுறையில் (ஓட்டின் உட்புறத்தை மூடிய மெல்லிய சதை) வெட்டிய இரண்டு மில்லிமீற்றர் துண்டு. முத்துப் படலத்தைச் சுரப்பது இந்தத் துண்டுதான். அது மணியோடு ஒட்டியிருக்க வேண்டும், அதுவும் சரியான பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஒன்றரை வருடம் கழித்து, வைத்த மணியே வெறுமையாகத் திரும்பி வரும்.

தொடக்கத்தில் நான் கீறலை ஆழமாகப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் தண்ணீரில் தொங்கவிட்ட சிப்பிக் கூட்டைத் தூக்கியபோது என் தட்டுச் சிப்பிகள் பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடந்தன. அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. கை பழகிய பிறகும் நூறு சிப்பியில் முதல்தர முத்துத் தருவது நாலைந்துதான்.

எங்கள் வாவியில் கூடு போட்டால் ஒன்றரை வருடத்தில் காசு இரட்டிக்கும் என்று ஒருவர் ஐந்து லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (கல்லடி)

கொடுக்காதீர்கள் தம்பி. முத்துச் சிப்பிக்குக் கடலின் உப்பு வேண்டும், லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். நம் வாவியில் மாரி வெள்ளம் இறங்கி, முகத்துவாரம் வெட்டிவிடும் நாட்களில் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்திருப்பீர்கள்தானே? உப்பே இராது. கோடையில் நன்றாக வளர்ந்து நிற்கும் சிப்பி கார்த்திகை, மார்கழியில் கூட்டோடு செத்துப் போகும். அவர் சொல்லும் ஒன்றரை வருடத்துக்குள் மாரி ஒன்றாவது வந்தே தீரும்.

கடலில் போடலாமே என்று வாகரையில் இருந்தும் ஒருவர் கேட்டிருந்தார். உப்புச் சரி, ஆனால் கூடு தொங்கும் மிதவைக்கு அலை குறைந்த குடா வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரை தாங்காது.

ஆசை இருந்தால் சிறிதாகத் தொடங்குங்கள். நம் குளங்களில் நன்னீர் மட்டி இருக்கிறது. இந்தியாவில் அந்த இனத்தின் ஓட்டுக்குள் சிறு அச்சு வைத்துப் பிள்ளையார் உருவத்தில்கூட முத்து எடுக்கிறார்கள். முதலில் நெக்டா எனும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், பிறகு பத்து மட்டியில் பழகுங்கள். கை பழகாமல் ஐந்து லட்சத்தைத் தண்ணீரில் விடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரே அளவு மாலை. ஒன்று சில ஆயிரம், மற்றது லட்சக்கணக்கில். ஏன்? (கல்முனை)

மலிவானது பெரும்பாலும் சீன நன்னீர் முத்து. ஒரு மட்டியிலேயே இருபது, முப்பது விளையும். கடல் சிப்பி பெரும்பாலும் ஒன்றுதான் தரும். அப்புறம் சோடி சேர்ப்பது. ஒரே நிறம், ஒரே ஒளி, ஒரே உருட்சி என்று ஐம்பது முத்துத் தேட, ஆயிரக்கணக்கில் கொட்டிப் பொறுக்குவோம். மேகம் மூடிய பகல் வெளிச்சத்தில் முத்தை உருட்டினால் உங்கள் முகமும் யன்னல் சட்டமும் கூர்மையாகத் தெரிய வேண்டும். பால் போல மங்கித் தெரிந்தால் பெரும்பாலும் படலம் மெல்லியது. கடையின் மஞ்சள் லைற்றை நம்பாதீர்கள்.

உம்மாவின் முத்து மாலை மங்கிவிட்டது. தேசிக்காய் போட்டுக் கழுவலாமா? (அக்கரைப்பற்று)

வேண்டவே வேண்டாம் மகள்! முத்து சுண்ணாம்புச் சத்து, புளி பட்டால் கரையும். ஈரத் துணியால் துடைத்து, நிழலில் படுக்க வைத்துக் காய விடுங்கள். அத்தர் பூசிக் காய்ந்த பிறகுதான் மாலையைப் போட வேண்டும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைக்காமல் மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள். முத்துக்கு முத்து முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பட்டு நூலில் முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள். நூல் அறுந்தால் ஒரு முத்துத்தான் உருளும், மற்றதெல்லாம் உம்மாவின் கழுத்திலேயே நிற்கும்.