மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

கேள்வி: சம்ப்பிலிருந்து மாடி டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்ற அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் வைத்திருக்கிறோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. மெக்கானிக் வந்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுகிறார். நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஐந்து நிமிடத்தில் முடிகிறது என்றால், அநேகமாக அவர் செய்வது பிரைமிங் மட்டும்தான்: தண்ணீர் ஊற்றி, பைப்பில் பிடித்த காற்றை வெளியேற்றுவது. காற்று எந்த வழியாக வந்தது என்பது அப்படியே நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வந்தவருக்கு அடுத்த வீட்டு வேலை இருக்கும். நீங்கள் அரை மணி நேரம் பம்ப் பக்கத்தில் உட்காரலாம்.

முதலில் சம்ப் மூடியைத் திறந்து, ஃபுட் வால்வு (பைப்பின் அடி நுனியில் இருக்கும், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) தண்ணீருக்குள் முழுகியிருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் இது ஒன்றே காரணமாக இருப்பதுண்டு. டெலிவரி பைப்பில், அதாவது பம்ப்பிலிருந்து மாடிக்குப் போகும் பைப்பில், கேட் வால்வு இருந்தால் அது திறந்திருக்க வேண்டும்.

பிறகு சுவிட்சோடு நிறுத்தாமல் எம்.சி.பி.யையும் (கரண்ட்டைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச்) அணைத்துவிட்டு, பம்ப் தலையில் இருக்கும் பிரைமிங் பிளக்கை ஸ்பேனரால் மெதுவாகத் திறங்கள். குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீர் ஊற்றி விளிம்புவரை நிரப்புங்கள். சம்ப்பிலிருந்து பம்ப்வரை வெளியே தெரியும் ஒவ்வொரு ஜாயின்ட்டையும், முக்கியமாக யூனியனை (பைப்பைக் கழற்றி மாட்ட வைத்திருக்கும் இணைப்பு), துணியால் துடைத்துக் காய்ந்த செய்தித்தாளைச் சுற்றிவிட்டு 20 நிமிடம் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் மட்டம் இறங்கி, தாள் நனைந்திருந்தால் அந்த ஜாயின்ட்தான் கோளாறு. மோட்டார் ஓடும்போது இந்த இடத்தில் ஒரு சொட்டுகூட வெளியே வராது. உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. யூனியன் வாஷரை மாற்றி, மரை உள்ள ஜாயின்ட்டுக்குப் புது டெஃப்லான் டேப் சுற்றினால் போதும்.

மட்டம் இறங்குகிறது, தாள் எல்லாம் காய்ந்தே இருக்கிறது என்றால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. யூனியனைக் கழற்றிப் பைப்போடு வெளியே தூக்குங்கள். உள்ளே மூடும் இடத்தில் ஒரு நார், இலைத் துணுக்கு, பழைய டேப் துண்டு சிக்கியிருந்தாலே வால்வு முழுதாக மூடாது. கழுவிவிட்டு, நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இன்னும் சொட்டினால் வால்வுக்குள் இருக்கும் வாஷர் கெட்டியாகியிருக்கும். பழைய வால்வைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். திரும்பப் போடும்போது சம்ப்பின் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் நிற்கட்டும், இல்லாவிட்டால் சேற்றை இழுக்கும்.

மறுபடி விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பிரைமிங் பிளக்குக்கு நாலைந்து சுற்று டேப் சுற்றி இறுக்கி ஓட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். மெக்கானிக்கல் சீலை (பம்ப் தண்ணீர் மோட்டார் பக்கம் கசியாமல் தடுக்கும் அடைப்பு) குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான். வெறுமனே ஓடினால் சீல் கருகி, மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒழுக ஆரம்பிக்கும். அந்தச் செலவு ஃபுட் வால்வு விலையோடு நிற்காது.

மட்டம் இறங்கவே இல்லை, ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை என்றால் இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்தோ அடைத்தோ இருக்கலாம். அதை மெக்கானிக் பார்க்கட்டும். மோட்டார் சுற்றாமல் உறுமினால் உடனே அணையுங்கள். இம்பெல்லர் துருவில் பிடித்திருக்கும், அல்லது மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் போயிருக்கும். கண்டென்சரைக் கையால் தொடாதீர்கள், கரண்ட்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். எம்.சி.பி. விழுந்தாலோ பம்ப் உடம்பில் ஷாக் அடித்தாலோ எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் பேசும்போது "மோட்டார் ரிப்பேர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பிரைமிங் தண்ணீர் 20 நிமிடத்தில் இறங்குகிறது, ஜாயின்ட் நனையவில்லை" என்று சொல்லுங்கள். ஃபுட் வால்வைக் கையோடு வாங்கிக்கொண்டே வருவார்.