ஜிஎஸ்டிக்காக அரசியலமைப்பைத் திருத்தியது ஏன்?

ஜிஎஸ்டி கொண்டுவர நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போட்டால் போதாதா, அரசியலமைப்பில் எதற்குக் கைவைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கடையில் விற்கும் பொருளுக்கு விற்பனை வரி போடும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, எந்த வரி யாருக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தது. பொதுவாக உற்பத்தி வரியும் சேவை வரியும் மத்திய அரசுக்கு, விற்பனை வரி மாநிலத்துக்கு. பழைய ஏசி ஓட்டல் பில்லைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூத்து தெரியும்: சாப்பாட்டுக்கு வாட் என்ற பெயரில் மாநிலத்தின் விற்பனை வரி, அதே பில்லில் 40 சதவீதம் ‘சேவை’ என்று வைத்து அதற்கு மத்திய சேவை வரி. 1939-லேயே ராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்துவிட்டார். அத்தனை காலம் அனுபவித்த வருமானத்தை எந்த மாநிலம் சும்மா விட்டுக்கொடுக்கும்?

அதனால்தான் 2016-இல் 101-ஆவது திருத்தம். 246ஏ என்ற புதிய பிரிவு, பொருளுக்கும் சேவைக்கும் வரி விதிக்கும் அதிகாரத்தை இரு தரப்புக்குமே கொடுத்தது. மாநில அதிகாரம் சம்பந்தப்பட்டதால் குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. முதலில் தந்தது அசாம். 2017 ஜூலை 1 முதல் வரி அமலானது. 18 சதவீத வரி உள்ள பொருளை உள்ளூரில் வாங்கினால் பில்லில் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 9, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டு வரி இருக்கிறதே, அது இந்த 246ஏ-யின் வேலைதான்.

என்னைக் கேட்டால், உண்மையான சூட்சுமம் ஜிஎஸ்டி கவுன்சிலை, அதாவது வரி விகிதங்களைப் பரிந்துரைக்கும் மத்திய, மாநில அமைச்சர்களின் குழுவை, அமைத்த 279ஏ பிரிவில் இருக்கிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாநிலங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு இல்லாமல் எதையும் நிறைவேற்ற முடியாது. தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே அளவு வாக்கு என்பது தனிக் கதை. கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம், பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர இன்னொரு திருத்தம் தேவையா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. பெட்ரோல், டீசல் எல்லாம் ஏற்கெனவே உள்ளே வரும்படிதான் எழுதியிருக்கிறார்கள், கவுன்சில் தேதியைப் பரிந்துரைக்க வேண்டியதுதான் பாக்கி. மது அப்படியல்ல, ஜிஎஸ்டியின் வரையறையே அதை விலக்கி வைத்திருப்பதால், அதற்கு மறுபடியும் அரசியலமைப்பைத்தான் திருத்தியாக வேண்டும்.