இரட்டை ஸ்ட்ரோலர் வாங்கும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்ட்ரோலர் என்னும் குழந்தைத் தள்ளுவண்டிகளைப் பழுதுபார்ப்பதும், வாங்கப் போகிறவர்களுக்கு யோசனை சொல்வதும் என் வேலை. இரட்டைக் குழந்தைகள் உள்ள வீடுகளிலிருந்தும், அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகளை வளர்ப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: உதவிக்கு யாரும் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் தனியாக வெளியே போகும் அந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போது எந்த வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும்.

அக்கா, எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கப் போகிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியா, முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டியா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இரட்டையர் என்றால், உங்கள் வாசல் இடம் கொடுத்தால், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டியைத்தான் சொல்வேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடை. பாரம் இரண்டு பக்கமும் சமமாக விழும். இரண்டு சீட்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒரே காட்சி. ஒருவர் தூங்க, ஒருவர் விழித்திருக்க, தனித்தனியாகச் சாய்த்துக்கொள்ளலாம்.

முன்பின் வண்டியில் இந்தச் சமம் இருக்காது. பல மாடல்களில் பின் சீட் சின்னது, தாழ்வானது, பார்க்க எதுவும் இல்லாதது. முன் சீட்டைச் சாய்த்தால் பின்னால் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். நடைபாதை மேட்டில் ஏற்றுவது இன்னொரு சிரமம். முன் சக்கரத்தைத் தூக்க நீங்கள் கைப்பிடியைக் கீழே அழுத்துகிறீர்கள். முன்னால் ஒரு பிள்ளையின் முழு எடையும் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு வயது தாண்டியதும் மணிக்கட்டு வலி என்று என்னிடம் வருபவர்களில் இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

சரி, முன்பின் வண்டியின் நல்ல பக்கம் என்ன? அகலம். பெரும்பாலும் ஒற்றை வண்டியின் அகலம்தான், 60 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். பக்கத்துச் சீட் வண்டிகள் பொதுவாக 70 முதல் 80 வரை வரும். அதனால் வண்டியைப் பார்க்கும் முன் வாசலை அளந்துவிடுங்கள். கதவுச் சட்டத்தை அளந்தால் போதாது. கதவைத் திறந்து வைத்து, பலகையின் தடிமன் போக மிச்சம் இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். நீங்கள் தினமும் போகும் வழியில் இருக்கும் மிகக் குறுகலான இடம் எதுவோ அதுதான் கணக்கு. வண்டியில் பின் சக்கரங்களின் வெளி விளிம்பை அளங்கள்; பல வண்டிகளில் அதுதான் மிக அகலமான இடம். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். நூலிழையில் நுழையும் வண்டியைத் தினமும் இரண்டு முறை நுழைப்பது பெரிய பாடு.

எங்கள் லிஃப்ட் மிகச் சின்னது. அதற்கு முன்பின் வண்டிதானே சரி?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அகலம் குறைந்தால் நீளம் கூடும். முன்பின் வண்டிகளில் பல ஒரு மீட்டருக்கு மேல் நீளம். லிஃப்ட்டின் கதவு அகலத்தோடு உள்பக்க ஆழத்தையும் அளங்கள். வண்டி உள்ளே போனால் போதாது, பின்னால் நீங்கள் நிற்க வேண்டும், கதவு மூட வேண்டும். லிஃப்ட்டை விட்டு வெளியே வந்ததும் குறுகிய நடைவழியில் திரும்ப வேண்டியிருந்தால், நீள வண்டி அங்கேயும் சிக்கும்.

பெட்டியில் "பிறந்த நாள் முதல்" என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா? எங்கள் இரட்டையர் குறைமாதத்தில் பிறந்தவர்கள்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் வசதி பற்றியது, இது மூச்சு பற்றியது.

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலை உடம்போடு ஒப்பிட்டால் கனம். நிமிர்ந்த சீட்டில் வைத்தால் தலை முன்னால் சரிந்து, தாடை மார்பில் முட்டி, மூச்சுக்குழாய் மடங்கிப்போகலாம். குழந்தை அழாது, திணறும் சத்தமும் கேட்காது. அதனால்தான் முதல் சில மாதங்களுக்குத் தட்டையாகப் படுக்கும் இடம் தேவை. ஐரோப்பியத் தரவிதி இஎன் 1888, ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கான சீட்டில் முதுகுப் பகுதிக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையே குறைந்தது 150 பாகை இருக்க வேண்டும் என்கிறது. 180 பாகை என்றால் முழுத் தட்டை.

இரட்டை வண்டியில் கவனிக்க வேண்டியது, இரண்டு சீட்டும் அப்படிச் சாய்கிறதா என்பது. ஒரு சீட் மட்டும் சாய்ந்து இன்னொன்று பாதியில் நிற்கும் வண்டிக்கும் பெட்டியில் "பிறந்த நாள் முதல்" என்று எழுதியிருக்கலாம். அது அந்த ஒரு சீட்டுக்கு மட்டும்தான். கையேட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக என்ன வயது போட்டிருக்கிறது என்று படியுங்கள். இரண்டு கேரிகாட் (குழந்தை தட்டையாகப் படுக்கும் தொட்டில்) மாட்டும் வசதி இருந்தால் மிகவும் நல்லது.

இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 37 வாரம் முடிவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நாள்காட்டி வயதை வைத்து ஆறு மாதம் கணக்குப் போடாதீர்கள். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள், கழுத்து நன்றாக நிற்கிறதா என்று பாருங்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிமிர்த்துங்கள்.

அப்புறம், கார் சீட்டை அப்படியே வண்டியில் மாட்டுவது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் இறக்க அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கார் சீட் காருக்குள் போவதற்கானது. அதிலேயே மணிக்கணக்கில் உலா போக வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் எடுத்துத் தட்டையாகப் படுக்க வையுங்கள்.

மூத்தவனுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டாவது குழந்தை அடுத்த மாதம். இரட்டை வண்டி வாங்கத்தான் வேண்டுமா?

வாங்காமல் சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்ப்போம். இரட்டையரின் தேவை வேறு, உங்கள் தேவை வேறு. உங்களுக்கு இரட்டை வண்டி முழுமூச்சாகத் தேவைப்படுவது அநேகமாக ஒரு வருடம். அதிகம் போனால் ஒன்றரை வருடம். அதற்குள் மூத்தவன் நடக்கத்தான் கேட்பான்.

சின்னக் குழந்தையைப் பேபி கேரியரில் மார்போடு கட்டிக்கொண்டு, மூத்தவனை இப்போது இருக்கும் வண்டியிலேயே வைத்துத் தள்ளுவது ஒரு வழி. குழந்தையின் முகம் எப்போதும் உங்களுக்குத் தெரிய வேண்டும், தாடை மார்பில் படக் கூடாது. அறுவை சிகிச்சைப் பிரசவம் என்றால் முதல் வாரங்களில் இது கஷ்டம். மருத்துவர் சொல்லும் வரை கட்டாதீர்கள்.

இன்னொரு வழி, வண்டியின் பின்னால் மாட்டும் நிற்கும் பலகை. மூத்த பிள்ளை அதில் ஏறி நின்றுகொள்ளும். ஆனால் ஒன்றே முக்கால் வயதுக்கு இது சீக்கிரம். நிலையாக நின்று, கையை விடாமல் பிடித்து, சொன்னால் கேட்கும் வயது வேண்டும். இரண்டரைக்கு மேல் யோசிக்கலாம். பலகை தாங்கும் எடை பெரும்பாலும் 20 கிலோ. உங்கள் வண்டிக்கு அந்தப் பலகை பொருந்துமா என்று வண்டிக் கையேட்டையும் பாருங்கள்.

இவை இரண்டும் உங்களுக்கு ஒத்துவராது, தினமும் தூரம் நடக்க வேண்டும், மூத்தவன் வழியில் தூங்கிவிடுவான் என்றால் வாங்குங்கள். உங்களுக்கு முன்பின் வண்டிதான் பொருத்தம். அதிலும் ஒற்றையாகவும் இரட்டையாகவும் மாற்றிக்கொள்ளும் வகை. மூத்தவன் நடக்க ஆரம்பித்ததும் ஒரு சீட்டைக் கழற்றிவிடலாம். கனமான பிள்ளை எந்தச் சீட்டில் என்று கையேடு சொல்லும், அதை மீறாதீர்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அது சொல்லும் வரிசை முக்கியம், ஒருவர் இறங்கியதும் வண்டி மற்ற பக்கம் சாயும் வகைகள் உண்டு. இரண்டாவது சீட்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

என் இரட்டையரில் ஒருத்தி மற்றவளை விட இரண்டு கிலோ கூட. வண்டி எப்போதும் இடது பக்கமே இழுக்கிறது. பழுதா?

முதலில் இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்கார வையுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் எடைதான் காரணம், கூடையில் வைக்கும் சாமான்களை இலேசான பிள்ளையின் பக்கம் வைத்தால் பெருமளவு சரியாகும். இழுப்பு மாறாமல் இடது பக்கமே இருந்தால் அந்தப் பக்கச் சக்கரத்தைப் பாருங்கள். காற்றடைத்த டயர் என்றால் காற்று குறைந்திருக்கும். இல்லாவிட்டால் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். நான் பார்க்கும் "பழுது"களில் பாதி இதுதான். கத்தரியால் வெட்டி எடுத்துத் துடைத்தால் போதும்.

ஒரே கையால் மடிக்கலாம் என்று கடைக்காரர் மடித்துக் காட்டினார். அழகாக மடிந்தது. வாங்கிவிடட்டுமா?

கடையில் மடித்தவரின் இன்னொரு கையில் பிள்ளை இல்லை. நீங்களே மடித்துப் பாருங்கள். ஒரு கையில் ஐந்து கிலோப் பையை வைத்துக்கொண்டு. பிறகு மடித்ததைத் தரையிலிருந்து காரின் டிக்கி உயரத்துக்குத் தூக்குங்கள். இரட்டை வண்டிகள் பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ வரை இருக்கும், ஒரு கிலோ வித்தியாசம் கூட முதுகுக்குத் தெரியும். முடிந்தால் உங்கள் காரிலேயே வைத்துப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடை மறுக்காது.

மடிக்கும் வண்டி பற்றி எனக்கு மரியாதை கலந்த பயம் உண்டு. 1965ல் ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர் அலுமினியச் சட்டத்தில் குடை மாதிரி மடியும் ஸ்ட்ரோலரை வடிவமைத்தார். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறங்கு சக்கரங்களில் வேலை செய்தவர் அவர். பெற்றோரின் வாழ்க்கையையே இலகுவாக்கிய வடிவமைப்பு அது. ஆனால் மடியும் இடத்தில் விரல் நுழையும். 2009ல் அவர் தொடங்கிய மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடிகள் கொடுக்க வேண்டிவந்தது. 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் புகார் பதிவாகியிருந்தது. இரட்டை மாடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இப்போதைய வண்டிகளில் மூடிகள் வந்துவிட்டன. இருந்தாலும் பழக்கம் ஒன்று வேண்டும்: பிள்ளைகள் இரண்டு பேரும் கை எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகே மடிப்பது, விரிப்பது. விரித்ததும் லாக் விழும் சத்தம் கேட்க வேண்டும். இரட்டை வண்டியில் லாக் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

ஒற்றை வண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று வாங்கி கிளிப் போட்டு இணைத்தால் ஆகாதா என்று மாமியார் கேட்கிறார்.

மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தனித்தனியாகப் போகும் நாளில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும், இணைக்க அந்த நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும். பிரேக் இரண்டு, கைப்பிடி நான்கு, மடிக்கக் கழற்ற வேண்டும். நீங்கள் பெரும்பாலும் தனியாகப் போகிறவர் என்றால் வேண்டாம்.

மூன்று சக்கர வண்டி வைத்து நான் ஓடலாமா?

ஓடுவதற்கென்றே செய்த வண்டியாக இருந்தால் மட்டும். மூன்று சக்கரம் இருப்பதாலேயே அது ஓடும் வண்டி ஆகிவிடாது. பிள்ளைகளுக்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும், கழுத்து உறுதியாக இருக்க வேண்டும். குறைமாதம் என்றால் மருத்துவரைக் கேளுங்கள். முன் சக்கரத்தை நேராக லாக் செய்யுங்கள், வண்டியை உங்கள் கையோடு இணைக்கும் மணிக்கட்டு வாரைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளோடு இறக்கத்தில் வண்டி உங்களை இழுக்கும், கைப்பிடியில் பிரேக் உள்ளது அவசியம்.

பழைய வண்டி ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

துணியைப் பார்த்து மயங்காதீர்கள்; துணியைத் துவைக்கலாம். சட்டத்தில் விரிசல், பற்றவைத்த தடம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு சீட்டிலும் தோள், இடுப்பு, கால் நடுவே என்று ஐந்து முனை பெல்ட் முழுதாக இருக்க வேண்டும். கொக்கியை மாட்டி வலுவாக இழுத்துப் பாருங்கள். சரிவில் நிறுத்தி, பிரேக் போட்டு, இரண்டு பிள்ளைகளின் எடைக்குச் சமமான பைகளை வைத்துத் தள்ளிப் பாருங்கள். மாடல் எண்ணைக் குறித்து, நிறுவனங்கள் திரும்பப் பெற்ற வண்டிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். கையேடு இல்லாவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கும்.

கைப்பிடியில் பை மாட்டலாமா?

வேண்டாம். பிள்ளைகளில் ஒருவரை இறக்கிய அந்த நொடியில் வண்டி பின்னால் சாயும். கீழே கூடை இருக்கிறது.

வெயிலுக்கு மேலே துணி போட்டு மூடுகிறேன். இரண்டு பேரும் நன்றாகத் தூங்குகிறார்கள்.

தயவுசெய்து நிறுத்துங்கள். மெல்லிய துணியாக இருந்தாலும் காய்ந்த துணி காற்றோட்டத்தை அடைத்துவிடும், உள்ளே வெப்பம் ஏறும், பிள்ளைகளின் முகமும் உங்களுக்குத் தெரியாது. பெரிய மேற்கூரை உள்ள, பக்கவாட்டில் வலை வைத்த வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வாங்கும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கூரை இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் வெயில் ஒருவர் முகத்தில் மட்டும்தான் அடிக்கும்.

எங்கள் இரட்டையருக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. எப்போது நிறுத்துவது?

வயதை விட எடையைப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரு சீட்டின் வரம்பு 15 கிலோ, சிலவற்றில் 22. இரண்டு பேரின் கூட்டு எடைக்குத் தனி வரம்பு போட்டிருந்தால் அதுவும் கணக்கு. தலை கூரையில் முட்டினாலும், தோள் பெல்ட் தோளுக்குக் கீழிருந்து வந்தாலும் சீட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். கூட்டமான இடங்களுக்கும் நீண்ட தூரத்துக்கும் இன்னும் சில மாதம் வைத்திருப்பதில் தவறே இல்லை. இரண்டு பிள்ளைகள் இரண்டு திசையில் ஓடும்போது உங்களுக்கு இருப்பது இரண்டே கால்கள், "இன்னும் வண்டியிலா?" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. தெரிந்த தெருவில் முதலில் ஒருவரை நடக்க விடுங்கள், மற்றவர் வண்டியில் இருக்கட்டும். அடுத்த நாள் மாற்றுங்கள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வரப் பழகியதும் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.