வள்ளி வேடத்தை இறக்கி வைத்த பிறகு

வாசகி கேள்வி: எனக்கு வயது 44. பத்தொன்பது வயதிலிருந்து மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களில் (திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்கள்) ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்) கட்டி வருகிறேன். 'வள்ளி திருமணம்' என்றால் என்னைத் தேடி வந்து தேதி வாங்கிய காலம் உண்டு. இரண்டு வருடமாகக் குரல் மேலே போக மறுக்கிறது. 'இனி வள்ளி வேண்டாம், சந்திரமதி, நல்லதங்காள் என்று கட்டுங்கள்' என்கிறார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் பாட்டி வேடத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். 'போதும் அம்மா, திருப்பூருக்கு வந்து என்னோடு இரு' என்கிறாள் மகள். இந்த வேடங்களை ஏற்பது என் மதிப்பைக் குறைக்குமா? இத்தோடு நிறுத்திவிடுவதுதான் கௌரவமா?

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வருமானம் குறைந்துவிட்டது என்று ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. மதிப்புக் குறையுமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். குறையாது. அதற்குக் காரணமாக உங்கள் மேடையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கே. பி. சுந்தராம்பாளை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவரை நாம் நினைவில் வைத்திருக்கும் விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. திருநீறு பூசிய நெற்றியும் வெள்ளைச் சேலையும் கணீரென்ற குரலுமாக, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஓட்டமாகப் புகழில் இருந்தவர் என்றே நினைக்கிறோம். நடந்தது அப்படியல்ல. காவிரிக் கரையில் கொடுமுடியில் 1908இல் பிறந்து, வறுமையின் காரணமாக ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி அவர். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, நல்லதங்காளின் மூத்த மகனாக, பசியில் அழுது பாடும் ஆண்பிள்ளை வேடத்தில் மேடை ஏறினார். பிறகு ஸ்திரீபார்ட், தேவைப்பட்டபோது ராஜபார்ட் என்னும் கதாநாயகன் வேடம். மைக் வராத அந்தக் காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் பிசகாமல் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயமே அவருடைய குரலைச் செதுக்கியது. இலங்கை வரை போய்ப் பாடினார். 1926இல் கொழும்பில்தான் பாடகரும் நாடக நடிகருமான எஸ். ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். மறு ஆண்டு திருமணம். வள்ளியாகவும் வேலனாகவும் அவர்கள் எதிரும் புதிருமாகப் பாடியதைக் கேட்கத் தமிழகமே திரண்டது.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு 27 வயது; சுந்தராம்பாளுக்கு 25. அந்த வயதில் அவர் வள்ளியை இறக்கி வைத்தார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் 44 வயதில் மனம் வலித்துச் செய்யத் தயங்குவதை அவர் 25 வயதில், வெள்ளைக் கதர் உடுத்தி, இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவோடு செய்தார். ஜோடிப் பாட்டுக்குப் பெயர் போன ஒரு நடிகை ஜோடியே வேண்டாம் என்று விலகினால், அவருக்கு மேடையில் என்ன மிச்சம் இருக்கும்? அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் அவருடைய தொழில் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் தொழில் முடிந்துவிடவில்லை. அந்த நிபந்தனையைத் தளர்த்தாமலேயே 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்தப் படத்துக்காகச் சுந்தராம்பாளுக்குத் தரப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. இந்த லட்ச ரூபாயைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. 1940இல் 'மணிமேகலை'யில் நடித்தார். அதுவும் துறவுக் கதை. அதன்பின் 'ஔவையார்' வெளிவந்த 1953 வரை, பதின்மூன்று ஆண்டுகள், திரையில் அவருக்கு நீண்ட இடைவெளி. ஔவையாருக்குப் பின் 1964இல் 'பூம்புகார்' வரும்வரை மறுபடி பதினோரு ஆண்டுகள்.

இந்த இடைவெளிகளைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். நாற்பதாண்டுக்கு மேல் நீடித்ததாகச் சொல்லப்படும் அந்தத் திரைவாழ்க்கையின் பெரும்பகுதியில் அவர் திரையிலேயே இல்லை. அதற்காகப் பாடாமலும் இருக்கவில்லை. கச்சேரி செய்தார், இசைத்தட்டுகளில் பாடினார், காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடி ஊர் ஊராகப் போனார், 1951இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். வேடம் போனபோதும் குரலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பதால்தான், வேடம் திரும்பி வந்தபோது குரல் தயாராக இருந்தது.

வந்த வேடம் எது என்று பாருங்கள். ஔவையார் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது 45ஐ நெருங்கிக்கொண்டிருந்தது; ஏறக்குறைய உங்கள் வயது. ஜெமினி எஸ். எஸ். வாசன் எடுத்த அந்தப் படத்தில் அவருக்குக் கிடைத்தது நரைத்த தலையும் கையில் கோலுமான கிழவி வேடம். அதை ஏற்றதால் அவர் குறைந்துவிட்டாரா? தமிழ்நாட்டில் ஔவை என்றால் இன்றும் கண்முன் வருவது சுந்தராம்பாளின் முகம்தான். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடியும் ஔவையாக வந்தார். அப்போது வயது 57ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்ப்புக் கிடைத்தால் கோபித்துப் பழனி மலைக்குப் போன முருகனிடம் அவர் பாடும் அந்தக் காட்சியை இன்றிரவே ஒருமுறை பாருங்கள், ஆனால் ரசிகையாக அல்ல, தொழில் தெரிந்தவராகப் பாருங்கள். உடம்பில் அசைவு மிகக் குறைவு. விருத்தத்தில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறார்; மேலே ஏறும்போது அவசரம் இல்லை, ஏறிய இடத்தில் நிற்கும் தெம்பு இருக்கிறது. இருபது வயதுக் குரலில் வேகமும் இனிமையும் இருக்கும், இந்த நிதானம் இருக்காது. ஒரு பிள்ளையின் கோபத்தைத் தணிக்க வந்த மூதாட்டிக்கு வேண்டியது அந்த நிதானம்தான்.

'பூம்புகார்' பற்றி ஒரு சொல். அதில் அவர் ஏற்றது கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. வாழ்நாள் முழுதும் முருகனைப் பாடிய ஒரு பெண் வேறொரு சமயத்தின் அடிகளாராக நம்பும்படி நடிக்க முடிந்தது என்றால், அது வேடம் கட்டிக் கட்டிப் பழகிய நாடகக் கம்பெனிப் பயிற்சி தந்த பலம் என்றே நான் எண்ணுகிறேன். 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு 61 வயது. 1970இல் பத்மஸ்ரீ.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சந்திரமதியும் நல்லதங்காளும் உங்களைக் கீழே இறக்கும் வேடங்கள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் 'அரிச்சந்திரா' நாடகத்தின் மயான காண்டம், அதாவது சுடுகாட்டுப் பகுதி, பார்த்தேன். விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். பபூனுக்கும் டான்ஸுக்கும் விசிலடித்த இளைஞர்களில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். மீதிப் பேர் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சந்திரமதியாக வந்தவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. பாம்பு கடித்து இறந்த லோகிதாசனை மடியில் கிடத்திக்கொண்டு, ஆர்மோனியக்காரர் கொடுத்த சுருதியைக் கையமர்த்திக் குறைக்கச் சொல்லிவிட்டு, மெதுவாக ஒப்பாரியைத் தொடங்கினார். மிருதங்கமும் மற்றத் தாள வாத்தியங்களும் சும்மா இருந்தன. இரண்டாவது அடியில் எனக்கு முன்னால் படுத்திருந்த ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பாட்டு முடிவதற்குள் பாய்கள் அத்தனையிலும் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு இளம் பெண்ணை நிறுத்தி அதே பாட்டைப் பாடச் சொன்னால் ராகம் சரியாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டி எழுந்திருப்பாரா என்பது சந்தேகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த நாடகங்களில் நாரதரோடு தர்க்கம் பண்ணும் வள்ளி மட்டுமா இருக்கிறாள்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் வயது ஒரு தகுதி.

குரல் மேலே போக மறுக்கிறது என்கிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகள் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடியப் பாடிய தொண்டை அது. வயது ஏற ஏறப் பெண் குரல் சற்றுக் கீழே இறங்குவதும் இயல்பே. முதல் வேலையாக ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, குரல் நாண்களில் தடிப்போ வீக்கமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்தது, உங்கள் சுருதியை அரைக் கட்டை, தேவையானால் ஒரு கட்டை குறையுங்கள். ஸ்திரீபார்ட் சுருதி குறைத்தால் ராஜபார்ட்டுக்குச் சிரமம் என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சந்திரமதியும் நல்லதங்காளும் பெரும்பாலும் தனியாகப் பாடும் வேடங்கள். சுருதியை அங்கே நீங்கள் தீர்மானிக்கலாம். நாடகம் இல்லாத நாட்களில் காலையில் அரைமணி நேரம் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்க் குரலில், 'அ' என்று ஒலித்துப் பாடும் அகார சாதகம் செய்யுங்கள். மேலே எட்டவில்லை என்று முயன்று முயன்று தொண்டையைப் புண்ணாக்குவதை விட்டுவிடுங்கள்.

தொலைக்காட்சித் தொடரைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் சற்று வேறு. போகலாம், ஆனால் சுந்தராம்பாளைப் போல உங்களுக்கென்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டு போங்கள். மாசி முதல் ஆடி வரை நாடகத் தேதிகளுக்கு இடையூறு வராதபடி படப்பிடிப்பு நாட்களை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள், நாளொன்றுக்கு எவ்வளவு, போக்குவரத்து யார் பொறுப்பு என்பதையும் அப்படியே. பாடத் தெரிந்தவர் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாட்டி வேடத்துக்கு வருகிறவர் ஒரு தாலாட்டைச் சுத்தமாகப் பாடுவார் என்று தெரிந்தால், அதற்கு இடம் வைக்கிற இயக்குநர்கள் இருக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால், கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள். அது உங்களுக்குரியது, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மகளைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறியிருந்தது. அவர் உங்களை நிறுத்தச் சொல்வது உங்கள் கலையை மதிக்காததால் என்று எனக்குத் தோன்றவில்லை. சிறுவயதில் நீங்கள் நாடகத்துக்குப் போன இரவுகளில் யார் வீட்டிலோ படுத்துத் தூங்கிய பிள்ளை அவர். இப்போதாவது அம்மா இரவில் வீட்டில் இருக்கட்டும் என்று அவர் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆகவே கார்த்திகை முதல் தை வரை தேதி குறைவான மாதங்களில் திருப்பூருக்குப் போய் அவரோடு இருங்கள். அங்கேயும் காலைச் சாதகத்தை விடாதீர்கள்.

உங்களைச் சந்திரமதி கட்டச் சொன்ன அமைப்பாளரிடம் இந்த வாரமே பேசி ஒரு தேதி வாங்குங்கள். மயான காண்டத்தை வீட்டில் வைத்து முழுதாக இரண்டு முறை பாடிப் பார்த்து, எந்தச் சுருதியில் ஒப்பாரி தடையில்லாமல் வருகிறதோ அதை ஆர்மோனியக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிந்தால் அந்த இரவு மகளையும் அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஊரும் தேதியும் எனக்கும் எழுதுங்கள். பக்கத்து ஊர் என்றால் நானும் வருகிறேன்.