நாற்காலியைக் கவிழ்த்துப் படம் எடுங்கள்: வெளிப்புறத் தேக்கு, வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விடுதி, ரிசார்ட், ஓட்டல் நடத்துபவர்களுடையது. மழை விட்டதும் எல்லோருக்கும் தோட்டத்து நாற்காலி ஞாபகம் வருகிறது. வழக்கம்போல ஏழெட்டுப் பேர் நாற்காலியைப் பூந்தொட்டி பக்கத்தில் வைத்து, முன்பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது கவிழ்த்து வைத்து எடுத்த படம். வியாதி அடியில்தான் இருக்கும்.

கேள்வி: ஒகேனக்கல்லில் தங்கும் விடுதி நடத்துகிறோம். தேக்கு என்று வாங்கிய 16 நாற்காலிகளும் ஒரே மழைக்காலத்தில் சாம்பல் நிறமாகிவிட்டன. ஏமாந்துவிட்டோமா?

பதில்: இல்லை. வெயிலில் கிடக்கும் எந்தத் தேக்கும் நரைக்கும். மரத்தின் நாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிச்சம் நிற்பதுதான் அந்தச் சாம்பல். ஒரு நூலில் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு ஆழம் இருந்தால் அதிகம். சந்தேகமிருந்தால் முதுகுச் சட்டத்தின் பின்புறம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு 120ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். நாலு இழுப்பில் தேன் நிறம் வரும், பழைய தோல் பை மாதிரி ஒரு வாசனையும் வரும். வராவிட்டால் அப்புறம் விற்றவரிடம் போய்ப் பேசுங்கள்.

உங்கள் இடத்தில் அருவிச் சாரலும் மர நிழலும் சேர்வதால் பாசியும் பிடிக்கும். நரையை விட்டுவிடுங்கள், பாசியை விடாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், ரேகை போகிற திசையிலேயே தேய்ப்பு. அவ்வளவு போதும். கார் கழுவும் பிரஷர் வாட்டரைக் கொண்டுவந்து அடித்தால் ரேகைக்கு நடுவே இருக்கும் மெதுவான பகுதி பெயர்ந்து, நாற்காலி உழுத வயல் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: தேக்கு நாற்காலி வெளியில் போட்டால் எத்தனை வருஷம் உழைக்கும்? (ஓசூர்)

பதில்: கடிதமே இவ்வளவுதான். மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. என்ன மரம், வைரமா (நடுவில் இருக்கும் முதிர்ந்த மரம்) வெள்ளையா (அதைச் சுற்றி இருக்கும் வெளிர் மரம்), கால் எத்தனை அங்குலம், ஆணியா கழுந்தா (துளைக்குள் செருகும் மர முனை), போடப்போவது புல்லிலா கல்லிலா, ஒன்றும் எழுதவில்லை. சரி, கேட்டுவிட்டீர்கள். நல்ல வைரம், 2 அங்குலக் கால், கழுந்தும் துளையுமாகப் பூட்டிய மூட்டு, தண்ணீர் நிற்காத தரை என்றால் 25, 30 வருஷம் தாராளம். அதே டிசைனில் வெள்ளை கலந்த மரம், நனைந்தே கிடக்கும் புல்தரை என்றால் 4, 5 வருஷத்தில் கால் உளுத்துவிடும். அடுத்த தடவை படத்தோடு எழுதுங்கள். கவிழ்த்து.

கேள்வி: புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டிருக்கிறோம். மேஜையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பூசணமா? (தர்மபுரி)

பதில்: உங்கள் போர்வெல் உப்பு. நம் ஜில்லா தண்ணீர் தெரிந்ததுதானே. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தண்ணீரில் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். அப்புறம் ஸ்பிரிங்க்ளர் தலையைத் திருப்பி வையுங்கள். தினம் சாயங்காலம் நாற்காலியை நீங்களே குளிப்பாட்டிவிட்டு மழையைத் திட்டக் கூடாது.

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக்குள் பண்ணை விடுதி வைத்திருக்கிறோம். தை, மாசியில் மரத்தடி மேஜைகளில் பிசுபிசுப்பு, பின்னாலேயே கரி அப்பியது போலக் கறுப்பு. தேக்கு அழுகுகிறதா?

பதில்: தேக்கு அழுகவில்லை, உங்கள் மாமரத்துக்குத்தான் வைத்தியம் தேவை. பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போலக் கழிக்கிறது, அது சொட்டுச் சொட்டாக மேஜையில் விழுகிறது, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. இலையில் படிகிற அதே கரிதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போய்விடும். ஆறவிட்டு இரண்டு மாதம் கழித்துத் தேய்த்தால் சுலபத்தில் போகாது, வாரம் ஒருமுறை கழுவுங்கள். முடிந்தால் பூ எடுத்ததிலிருந்து பிஞ்சு பிடிக்கும் வரை மேஜையை மரத்தடியிலிருந்து நகர்த்தி வையுங்கள். காய் பறிக்கும் நாளில் காம்புப் பால் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கறை சோப்புக்கு மசியாது.

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் பைபாஸ் ஓரத்தில் ஓட்டல். வெளியே 30 நாற்காலி, 8 மேஜை. மெலமைன் பாலிஷ் போட்டு வாங்கியபோது கண்ணாடி மாதிரி இருந்தன. ஆறே மாதத்தில் பாம்புச் சட்டை போல உரிகின்றன. எந்தக் கம்பெனி வார்னிஷ் அடித்தால் நிற்கும்?

பதில்: எந்தக் கம்பெனி வார்னிஷும் நிற்காது. இதற்கு எத்தனை தடவை பதில் எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. இருந்தாலும் வருஷா வருஷம் யாராவது டப்பாவைத் திறந்துவிட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் கட்டில், பீரோவுக்கான பாலிஷ். வெளியில் போடும் சாமானுக்கு அதை அடித்தவர் தெரியாமல் அடித்திருக்கலாம், தெரிந்தும் அடித்திருக்கலாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மரம் சும்மா இருப்பதில்லை. சித்திரையில் சுருங்கும், ஐப்பசியில் ஊதும். மற்ற மரங்களைவிடத் தேக்கு குறைவாகத்தான் அசையும், ஆனாலும் அசையும். நம் பக்கம் ஆடி, ஆவணியிலும் மழை உண்டு, ஐப்பசியிலும் உண்டு, நடுவே நல்ல வெயிலும் காயும். மேலே இருக்கிற பூச்சோ விறைத்து நிற்கிறது. கை வந்து காலில் சேரும் மூட்டிலும் ரீப்பர் முனையிலும் முதலில் விரிசல் விடும். முடி அளவு விரிசல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கியது ஏறி வர வழியில்லை, மூடிதான் போட்டு வைத்திருக்கிறோமே. பூச்சில்லாத மரமாக இருந்தால் மறுநாள் வெயிலில் காய்ந்திருக்கும். இது போதாதென்று, நிறமில்லாத வார்னிஷுக்குள் புகுந்து வெயில் அடி மரத்தின் மேல்தோலைப் பொடியாக்குகிறது. பிடிமானம் போன பூச்சு பாளம் பாளமாக எழும்பும். தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு இருப்பதால் ஆரம்பத்திலேயே அது அரை மனசோடுதான் ஒட்டியிருக்கும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நெடுஞ்சாலை ஓட்டலுக்கு 24 நாற்காலி செய்து, மூன்று கோட் வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். வெயிலில் வரிசையாக வைத்தபோது அத்தனையிலும் என் முகம் தெரிந்தது. அடுத்த பொங்கலுக்கு அத்தனையும் வேனில் திரும்பி வந்தன. உடைந்த கண்ணாடித் துண்டை வைத்துச் சுரண்டினேன், ரீப்பர் இடுக்கில் கண்ணாடி போகாது என்பதால் அங்கே உளி முனையால் கிளறினேன். 9 நாள் ஆயிற்று. கூலி கேட்க வாய் வரவில்லை. கழற்றிய ஒரு மூட்டுக்குள் கழுந்து ஊறிப்போய்க் கறுத்து, நகத்தை வைத்தால் உள்ளே போனது. வெளியே பார்த்தால் அந்த இடத்தில்தான் பளபளப்பு கொஞ்சமும் குறையாமல் இருந்தது.

கப்பல் தளத்தில் தேக்குப் பலகை போடுகிறார்களே, அதை வெறுமனேதான் விடுகிறார்கள். உப்புத் தண்ணீரும் வெயிலும் ஆள் நடமாட்டமும் படுகிற மரத்துக்கே பூச்சில்லை. உங்கள் ஓட்டல் வாசலுக்கு எதற்கு?

இப்போது கடைசி விஷயம். அந்தப் பளபளப்புக்கு அடியில் பெரும்பாலும் வெள்ளை இருக்கும். வெள்ளைக்கு வைரத்தின் நிறத்தில் சாயம் ஏற்றி மேலே பாலிஷ் போட்டுவிட்டால் வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பூச்சில்லாத நாற்காலியில் வெள்ளை பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். கரையானும் பூசணமும் அண்டாது என்று தேக்குக்கு இருக்கிற பெயரெல்லாம் வைரத்துக்குத்தான். வெள்ளையை மற்ற மரத்தைப் போலவே தின்னும். அதனால் வெளிப்புறச் சாமானை வெறும் மரமாக வாங்குங்கள். பாலிஷ் போடாமல் தர மாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உங்கள் 30 நாற்காலிக்கு வருகிறேன். பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்து, 80, அப்புறம் 120ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு, அப்படியே விடுங்கள். நரைத்த நிறம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மரத்துக்குள் இறங்கும் சீலர் அடிக்கலாம். ஏறக்குறைய வருஷம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டிவரும், ஆனால் உரியாது. வெயில் படாத திண்ணையில் கிடக்கும் நாற்காலிக்கு வார்னிஷ் அடித்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

கேள்வி: வேப்பெண்ணெய் தடவலாமா? பழைய இன்ஜின் ஆயில் நல்லது என்கிறார்கள். (பாலக்கோடு)

பதில்: இன்ஜின் ஆயில் வேலிக் கம்பத்துக்கு. வேப்பெண்ணெய் நாற்றத்துக்கு விருந்தாளி எழுந்து போய்விடுவார். கடையில் தேக்கு எண்ணெய் என்று விற்பதும் தேக்கைப் பிழிந்து எடுத்ததில்லை, பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயும் கரைப்பானும்தான். நிறம் அழகாக வரும், சில மாதத்தில் மங்கும், ஈரமான இடத்தில் பூசணத்துக்குத் தீனியாகும். மரத்தின் ஆயுளைக் கூட்டாது. அப்படியும் தடவினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: தேன்கனிக்கோட்டை அருகே எங்கள் நிலத்தில் 14 வருஷத் தேக்கு நிற்கிறது. அதையே வெட்டி எங்கள் ரிசார்ட்டுக்கு நாற்காலி செய்துகொள்ளலாமா?

பதில்: நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டார்கள். அங்கே மரத்தை 50, 60 வருஷம் வளர விட்டுத்தான் வெட்டுவது வழக்கம். உங்களுடையது 14. குறுக்கே அறுத்துப் பாருங்கள், நடுவில் கொஞ்சம் வைரம், சுற்றிலும் வெள்ளை. உள் அறைக்கு ஸ்டூல் செய்யலாம், மழையில் போட ஆகாது. அறுத்தாலும் உடனே இழைக்கக் கூடாது. நிழலில் அடுக்கிக் காயவைக்க ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. வெட்டவும் ஏற்றிச் செல்லவும் என்ன அனுமதி வேண்டும் என்று வனத்துறையில் கேட்டுவிட்டு அரிவாளைத் தொடுங்கள். என்னைக் கேட்டால், மரத்தை நிற்கவிடுங்கள்.

கேள்வி: நீச்சல் குளத்தோரம் போட்ட சாய்வு நாற்காலியில் ஸ்க்ரூவைச் சுற்றிலும் மை ஊற்றியது போலக் கறுப்பு. (ஓசூர்)

பதில்: மைதான். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகிறதே, அந்தக் கதை. மரத்தின் துவர்ப்பும் இரும்பு ஸ்க்ரூவும் ஈரத்தில் சேர்ந்திருக்கின்றன. ஸ்க்ரூவை மாற்றாமல் கறையை எடுத்துப் பயனில்லை. நம் ஊரில் கடல் காற்று இல்லை, பொதுவாக 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போதும். குளோரின் தெறிக்கும் குளத்தோரம் என்பதால் உங்களுக்கு 316. கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல், கையுறையோடு, நன்றாக அலசி. அது விஷம், சமையல்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தால் பாதுகாப்பா? (அரூர்)

பதில்: பூசணத்துக்குப் பாதுகாப்பு. திறந்தே கிடக்கட்டும், அல்லது கொட்டகைக்குள் காற்றோட்டமாக அடுக்குங்கள்.

கேள்வி: புது நாற்காலியிலிருந்து முதல் மழையில் காப்பிக் கலரில் வடிந்து வெள்ளைக் கல் தரை கறையாகிவிட்டது. (தர்மபுரி)

பதில்: புதுத் தேக்கு சில மழை வரைக்கும் சாயம் விடும், பிறகு நின்றுவிடும். அதுவரை மண் தரையில் போடுங்கள். வெள்ளை வேட்டிக்காரரை அதில் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: ஆப்பிரிக்கத் தேக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கிருஷ்ணகிரி)

பதில்: எந்த ஆப்பிரிக்கத் தேக்கு? அங்கே தோட்டத்தில் வளர்த்த நிஜத் தேக்கும் வருகிறது, இரோக்கோ போன்ற வேறு மரமும் அதே பெயரில் வருகிறது. இரோக்கோவும் உழைக்கும் மரம்தான், ஆனால் தேக்கு விலை கொடுக்காதீர்கள். நிஜத் தேக்கென்றால் ஊர் எதுவானாலும் பார்க்க வேண்டியது வெள்ளை எவ்வளவு என்பதைத்தான்.

கேள்வி: கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை பக்கம் திறந்தவெளி உணவகம். மீன் வறுவல் எண்ணெயும் மஞ்சள் கறையும் தேக்கு மேஜையைப் பாழாக்குகின்றன. மேஜைக் கால்களும் அடியில் கறுத்து வருகின்றன. என்ன செய்வது?

பதில்: மஞ்சளை வெயிலே எடுத்துவிடும், அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். எண்ணெய் அப்படிப் போகாது. சிந்திய உடனே சோப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் பிறகு உப்புத்தாள்தான். மீன் வறுவல் தினமும் உண்டு என்றால் தேக்கு மேல்பலகையே வேண்டாம். கிரானைட் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏன் மரத்தில் மீனை வைக்கிறீர்கள்? கால் தேக்கு, மேலே கல்.

கால் கறுப்பதுதான் எனக்குக் கவலை. காலின் வெட்டுமுனை வைக்கோல் கட்டு மாதிரி, தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சும். மேஜையைக் கவிழ்த்து நாலு நாள் காயவிட்டு, கறுத்த பகுதியைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் முனையில் எப்பாக்ஸி இரண்டு கோட் கொடுத்து, நைலான் புஷ் (காலடியில் அடிக்கும் குமிழ்) அடித்து, தண்ணீர் தேங்காத இடத்தில் போடுங்கள். கத்தி அரை அங்குலம் இறங்கினால் அந்த அளவுக்கு அறுத்துவிட்டு நாலு காலையும் சமம் செய்யுங்கள். கவிழ்த்தது கவிழ்த்தபடி, ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள்.